சாமி வந்த நேரத்தில் கொப்பரை பொங்கியது

கடவுளாக இருப்பது நாம் நினைப்பதுபோல் சுகமான வேலை இல்லை. ஐந்து நிமிடம் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முக்கியமான கஷ்டம், நடுவில் விட்டுவிட்டு வர முடியாது.

அதற்கு முன் நான் பார்த்த வேலைகள் எல்லாம் நடுவில் விட்டுவிட்டு வந்தவைதான். தோட்டத்துப் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டேன். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லோரியில் மூட்டை ஏற்றினேன். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவினேன். கோலாலம்பூர்வரை போய், பசித்ததும் திரும்பினேன். ஒரு கட்டத்தில் வீட்டில் என் பங்குக்கு அரிசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். கோபமெல்லாம் இல்லை, அரிசி அவ்வளவுதான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து எல்லையில் ஒரு சீனத் தவுக்கே (முதலாளியை அப்படித்தான் சொல்வோம்) தகரக் கொட்டகை போட்டு, சின்னதாகக் கெமிக்கல் ஃபேக்டரி ஒன்றை ஆரம்பித்தார். சுண்ணாம்பையும் கந்தகத்தையும் தண்ணீரில் கலந்து காய்ச்சினால் செம்மஞ்சளாக ஒரு கஷாயம் வரும். பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் காய்கறித் தோட்டக்காரர்கள் அதைத் தெளிப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

முழங்கால் உயரக் கால்களில் நின்ற பெரிய இரும்புக் கொப்பரைக்கு நான்தான் ஆப்பரேட்டர். பெயர்தான் பெரிது. நுரை விளிம்புக்கு ஏறினால் நீராவி வால்வை மூட வேண்டும், இறங்கினால் திறக்க வேண்டும். பால் காய்ச்சுகிற எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர்களுக்கு யாரும் நீலச் சட்டை கொடுப்பதில்லை. எனக்குக் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் செய்வதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. டிரம்மில் கஷாயம் அடைக்கும் பகுதியில் லெட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். அவளைப் பெண் கேட்டுப் போனபோது, அவள் அம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டே சொன்னார்: "மொதல்ல நெரந்தர வேல வரட்டும் தம்பி. அப்புறம் பேசலாம்."

மூன்றாம் மாதக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. தேயிலை ஃபேக்டரியில் மிஷினுக்கெல்லாம் சந்தனம் பூசிக் கொண்டாடுவார்கள். நம் கொப்பரை மட்டும் என்ன பாவம் செய்தது என்று கிளப்பிவிட்டது நான்தான். எங்களை மேய்க்கும் மண்டோர் காளியப்பன் பெரிய பக்திமான்; பக்கத்து மலையில் உடுக்கை அடித்தாலே இங்கே கண் கலங்குவார். அவர்தான் தவுக்கேயிடம் மலாயில் பேசி அனுமதி வாங்கினார். தவுக்கேயின் நிபந்தனை ஒன்றே ஒன்று: பூஜை போடுங்கள், ஆனால் கொப்பரை நிற்கக் கூடாது, மத்தியானம் லோரி வருகிறது.

சந்தனம் போதவில்லை. மஞ்சளைக் குழைத்து, கொப்பரையின் மூன்று கால்களிலும் பட்டை பட்டையாக அப்பினேன். மூன்று மாதமாக நான் சிந்திய சுண்ணாம்பு அந்தக் கால்களில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. சூடம் ஏற்றினோம் (கந்தக மூட்டைக்குப் பத்தடி தூரத்தில். அதைப் பற்றி இப்போது வேண்டாம்). தேங்காய் உடைக்கக் குனிந்த மண்டோர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மஞ்சள் சிவந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க ரத்தமாகிவிட்டது.

"ஆத்தா! வந்துட்டியா ஆத்தா!" மண்டோர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னால் நின்ற இருபது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நடுக்கம் நிஜம். என் கையால் பூசிய மஞ்சள் ரத்தமானால் முழங்கால் ஆடாதா? ஆடியது. அதைப் பார்த்து மண்டோர், "இவன் மேல எறங்கிட்டாடா!" என்று கத்த, இருபது பேரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதுவரை என்னை யாரும் கும்பிட்டதில்லை. இரண்டாவது நடுக்கத்தை நானே போட்டேன்.

தவுக்கே ஆபீஸிலிருந்து ஓடி வந்து மலாயில் ஏதோ கேட்டார். மண்டோர் என் காலடியில் உட்கார்ந்து, "தாயே, மொதலாளி கேக்குறாரு. ஒனக்கு என்னா வேணும் தாயே?" என்றார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில்தான் எனக்கு எல்லாக் கெடுதலும் நடந்திருக்கிறது.

"டேய்ய்! எம்புள்ள இந்த ஆப்பரேட்டரு... மூணு மாசமா கண்ணு முழிச்சு என்னயக் காவக் காக்குறான்டா! அவன நெரந்தரம் பண்ணுடா!"

மண்டோர் அதைப் பயபக்தியோடு மலாயில் சொன்னார். தவுக்கே யோசித்துப் பதில் சொன்னார்.

"இன்னைக்கே வேணுமா, மாசக் கடைசி போதுமான்னு கேக்குறாரு தாயே."

"இன்னைக்கே!" என்றாள் அம்மன்.

தவுக்கே தலையசைக்க ஆரம்பித்த நேரத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து லெட்சுமியின் குரல் வந்தது. "சாமி! நுரை ஏறுது சாமி!"

ஓரக்கண்ணால் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி. வால்வு நாலு எட்டில் இருந்தது. ஆனால் ஆத்தா எதற்கு வால்வை மூடப் போகிறாள்? மூடினால் நான் வெறும் ஆப்பரேட்டர். மூடாதவரை அம்மன், அம்மன் கேட்டால்தான் நிரந்தரம். சரி, ஆடிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நகர்ந்தேன். மண்டோர் காலைக் கட்டிக்கொண்டார்.

"மலையேறிடாத தாயே! மொதலாளி இன்னும் வாயத் தொறந்து சொல்லல லா!"

"யோவ் ஆப்பரேட்டரே! வால்வு!" லெட்சுமி இப்போது சாமி என்று சொல்லவில்லை.

"ஏ புள்ள, ஆத்தாவயா யோவ்ங்கற?" என்று மண்டோர் அதட்டி முடிக்கவில்லை, கொப்பரை பொங்கிவிட்டது.

கொதிக்கும் கஷாயம் விளிம்பைத் தாண்டி விழுந்ததும் பக்தர்கள் பறந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடித் தேயிலைச் செடிகளுக்குள் குதித்தது ஆத்தாதான். லெட்சுமி கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாகப் போய் வால்வை மூடினாள். யாருக்கும் காயமில்லை. அரைக் கொப்பரைக் கஷாயமும் தவுக்கே காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்தும் போயின.

நான் செடிகளுக்குள்ளிருந்து எழுந்து வந்தபோது அவள் கொப்பரைக் காலைச் சுரண்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காம என்னா பண்ணும்? உங்க வீட்டுக் கல்யாணத்துலல்லாம் ஆலாத்தி எப்படிக் கரைக்கிறாங்க?"

இருபது பேரும் ஆலாத்தி பார்த்து வளர்ந்தவர்கள். ஒவ்வொருவராக டிரம் பக்கம் நழுவினார்கள். மண்டோர் மட்டும், "அதுவும் ஆத்தா செயல்தான் லா" என்று முனகிப் பார்த்தார்.

தவுக்கே திட்டவில்லை. என் நீலச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அதை உதறி மடித்தார். பிறகு அதை லெட்சுமியிடம் நீட்டினார். அன்றைக்கே நிரந்தரம். அம்மன் வாக்கு பலித்துவிட்டது, ஆள்தான் வேறு.

பனியனோடு அந்தக் குளிரில் ரோட்டோரம் நின்றேன். வருகிற லோரியில் ஏறி எங்காவது போய்விடலாம் என்று திட்டம். லெட்சுமி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"தெரியல. ஒங்கம்மாதான் நெரந்தர வேல வேணும்னு சொல்லிட்டாங்களே."

"வேல வேணும்னுதான் சொன்னாங்க. யாருக்குன்னு சொல்லல."

அடுத்த தையில் கல்யாணம். ஆலாத்தி கரைக்கும்போது ஒரு கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வருடக் கணக்கில் அந்தக் கொப்பரையைப் பார்த்துக்கொண்டாள், ஒரு சொட்டு பொங்கவில்லை. நான் வழக்கம்போல வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன்.

எண்பதுகளில் மூத்தவன் பள்ளிக்கூடப் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் தொழில் என்னவென்று கேட்டான். அந்த வாரம் எனக்கு எதுவும் இல்லை. "முன்னாள் சாமின்னு எழுதுடா" என்றாள் லெட்சுமி. அவன் எழுதிவிட்டான். வாத்தியார் கூப்பிட்டு அனுப்ப, அவள்தான் போனாள்.

"அது என்னாம்மா முன்னாள் சாமி? ஏன் விட்டுட்டாரு?"

"பொங்கிருச்சு சார்" என்றாளாம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிள்ளையோ மருமகனோ ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், யாரும் துருவிக் கேட்பதில்லை. வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: பொங்கிருச்சு. உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.