அச்சுவேலி யாகோப்பின் முறைப்பாடு

மோட்டார் சைக்கிளை விற்பதென்று என் கணவர் ஜெயசுதன் முடிவெடுத்தார். அது ஒருநாளும் விலைப்படக் கூடாது என்பதும் அதே முடிவுக்குள் அடக்கம்.

அந்த முடிவுக்குக் காரணம் நான். எனக்குப் பயம். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், பிள்ளை தும்மினால் பயம், தும்மாமல் நெடுநேரம் நித்திரை கொண்டால் அதைவிடப் பயம். ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் என் பயத்துக்கு நியாயம் இருந்தது. பதினொரு மாதப் பிள்ளையைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தி, குருநகர்க் கடற்கரை வீதியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவருடைய பின்னேர வழக்கம். பிள்ளை சிரிக்கும். அவரும் சிரிப்பார். நான் வாசல் படலையடியில் செபமாலையோடு நிற்பேன். எத்தனையாவது மணியை உருட்டுகிறேன் என்று எனக்கும் தெரியாது, மாதாவுக்கும் தெரியாது.

ஒருநாள் மோட்டார் சைக்கிள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், யாரோ காயப்போட்டிருந்த வலைக் குவியலுக்குள் போய் நின்றது. பிள்ளை அன்று என் இடுப்பில் இருந்தது மாதா செய்த புண்ணியம். வலையைப் பார்க்கத்தான் போனாராம், அப்படித்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் தினமும் ஒரே கேள்வி கேட்டேன்.

"பிறேக் பிடிக்குதோ?"

"கல்லு மாதிரிப் பிடிக்குது."

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் விற்கிறேன் என்றார். பழைய படகு எஞ்சின் சாமான்களை இணையச் சந்தை ஒன்றில் விற்பது அவருடைய பக்கத் தொழில். அங்கே அவருக்கு நல்ல பெயர், பெயருக்குக் கீழே நிறைய நட்சத்திரம். அதிலேயே மோட்டார் சைக்கிளையும் போட்டார். விலை புது மோட்டார் சைக்கிளை விடக் கூடுதல். படத்தில் பின்சில்லில் பாதியும் எங்கள் பூனையின் வாலும் மட்டும் தெரிந்தன.

"போட்டாச்சு. ஒருத்தரும் கேக்கினம் இல்லை. நான் என்ன செய்ய?" என்று தினமும் கையை விரித்தார். விரித்த கையாலேயே பிள்ளையைத் தூக்கித் தாங்கியில் இருத்தினார்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அழுது என்ன பிள்ளை? வாங்க ஆள் இல்லையெண்டால் ஆளை நாங்கள் இறக்குவம்."

கையைக் கழுவிவிட்டுத் தன் பழைய போனைக் கொண்டுவந்து தந்தார். அன்று பத்து நிமிடத்தில், அதே இணையச் சந்தையில், அச்சுவேலி யாகோப்பு என்றொரு வாங்குபவர் பிறந்தார். பெயர் எங்கள் கோயில் புனிதரிடம் கடன் வாங்கியது. அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன். முகத்துக்கு லூர்த்தம்மா அக்காவின் வாழைக்குலையைப் படமெடுத்துப் போட்டோம்.

யாகோப்பின் முதல் கடிதம் ஒரு வரி: நீங்கள் சொன்ன விலைக்கே எடுக்கிறேன்.

என் கணவர் அப்போது புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை பாதி வழியில் நின்றது. ஆருக்கோ விசர் பிடிச்சிட்டுது என்றார். பிறகு, விற்றாயிற்று என்று பதில் போட்டார். விளம்பரம் இன்னும் நிற்கிறதே என்றார் யாகோப்பு. சாவி தொலைந்துவிட்டது என்றார் இவர். பூட்டை உடைக்க ஆள் கூட்டி வருகிறேன் என்றார் யாகோப்பு. மழை என்றார் இவர். அச்சுவேலியில் வெயில் என்றார் யாகோப்பு.

ஐந்தாம் நாள் யாகோப்பு சந்தைக்காரரிடம் முறைப்பாடு வைத்தார். அவர்களுடைய விதி எளிது. விளம்பரம் போட்டால் விற்கவேண்டும், அல்லது ஏன் விற்கவில்லை என்று மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் கணக்கு மூடப்படும். கணக்கு மூடினால் நட்சத்திரம் போகும், நட்சத்திரம் போனால் எஞ்சின் சாமான் போகும். இவர் முகம் ஐஸ் இல்லாமல் இரண்டு நாள் கிடந்த பாரைமீன் மாதிரி ஆயிற்று.

அறிவித்தல் இங்கிலிசில் வந்திருந்தது. எங்கள் வீட்டில் இங்கிலிஸ் இலாகா என்னுடையது. கொன்வென்ற்றில் பத்தாம் வகுப்பில் சிஸ்டர் முறைப்பாட்டுக் கடிதம் எழுதப் பழக்கினார். எனக்கு முதல் பரிசு. அந்தப் பரிசுக்கு இப்போதுதான் வேலை வந்தது, அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும்.

"உவன் யாகோப்பு நல்லாப் படிச்சவன் போலை கிடக்கு," என்றார் முறைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு. "உம்மை மாதிரியே எழுதுறான். வரிக்கு வரி தயவுசெய்து போடுறான்."

பேனையைத் தேடுவதுபோலக் குனிந்தேன். "கொன்வென்ற்றிலை உப்பிடித்தான் பழக்கிறவை."

"ஆம்பிளையளையுமோ?"

"அச்சுவேலியிலை எப்பிடியோ எனக்குத் தெரியாது."

அதோடு விட்டுவிட்டார். தாளை என் முன்னால் வைத்தார்.

"எழுதும். மோட்டச்சைக்கிளிலை பிழையள் இருக்கு. அதாலைதான் குடுக்கேல்லை."

"என்ன பிழையள்?"

"பிறேக் பிடிக்காது."

பேனை நின்றது. "கல்லு மாதிரி எண்டு சொன்னனீங்கள்."

"அது உமக்கு. இது அவனுக்கு. ஆளைக் கலைக்கத்தானே சொல்லுறன். எழுதும்."

"எவ்வளவுக்குப் பிடிக்காது?"

"பண்ணைப் பாலத்திலை அமத்தினால் கடல் தாண்டி மண்டைதீவிலைதான் நிக்கும்."

எழுதினேன். சங்கிலி கழரும் என்றார், எழுதினேன். தூறல் விழுந்தால் மட்டும் இடப்பக்கம் இழுக்கும் என்றார். அதை எழுதிவிட்டு ஒருமுறை திரும்ப வாசித்தேன். என் கணவரை எனக்குத் தெரியும். கற்பனை வளம் உள்ள மனிதர் அல்லர். தூறலுக்கு மட்டும் இடப்பக்கம் இழுக்கிற ஒன்றை இருந்த இடத்தில் இட்டுக்கட்ட அவரால் முடியாது.

பிள்ளைக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டே யாகோப்பின் பதிலை எழுதினேன். பிழைகள் உண்மையென்றால் நான் விட்டுவிடுகிறேன். கராஜ்காரர் ஒருவர் பார்த்து எழுதித் தரட்டும். பிழை இல்லையென்றால் சொன்ன விலைக்கு விற்கட்டும், தயவுசெய்து. நியாயமான யோசனை என்று சந்தைக்காரர் ஏற்றுக்கொண்டார்கள்.

இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் டினேஸ் அவருடைய கூட்டாளி. தான் சொல்வதை அப்படியே எழுதுவான், அதை இங்கிலிசில் மாற்ற என்னையும் வரச் சொன்னார். அவர் மோட்டார் சைக்கிளில் போனார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

டினேஸ் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தான். எதற்கும் ஒருக்கால் பார்ப்போம் என்று குனிந்தான். முன்சில்லைப் பார்த்தான், பின்சில்லைப் பார்த்தான். நிமிரும்போது சிரிப்பைக் காணவில்லை. பிறேக் கேபிளை ஒரு விரலால் இழுத்தான். அது கையோடு வந்தது.

"அண்ணை, பொய் எழுதித் தரச் சொல்லிக் கேட்டனீங்கள். அது ஏலாது."

"ஏன்ரா?"

"உள்ளதை எழுதவே உந்தத் தாள் காணாது." பிறகு பிள்ளையைப் பார்த்தான். "உதிலையோ இவவை இருத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை தாங்கியைக் கண்டு, ஏற்றச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது. அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு பிடித்தார். வீடு வரைக்கும் திருப்பித் தரவில்லை. ஓட்டிப் போனவர் நடந்து வந்தார். எனக்கு மாதக்கணக்கில் அடைத்திருந்த மூச்சு அந்த ஒழுங்கையில்தான் முழுதாக வெளியே வந்தது. கண்ணீரும் வந்தது. பயந்திட்டீர் போலை என்றார். ஓம் என்றேன்.

மோட்டார் சைக்கிள் பிறகு கராஜை விட்டு வரவில்லை. கழற்றி விற்கச் சொல்லி டினேசிடமே விட்டுவிட்டார். யாகோப்பு சொன்ன சொல் தவறாமல் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். அத்தோடு ஐந்து நட்சத்திரமும் போட்டார்: தன் பொருளின் குறையைத் தானே சொல்லும் நேர்மையான மனிதர்.

வேலை முடிந்தது, யாகோப்பைப் புதைத்துவிடுவோம் என்று லூர்த்தம்மா அக்காவும் நானும் பேசிக்கொண்டோம். அடுத்தநாளே இவர் தாளோடு வந்து என் முன்னால் இருந்தார். யாகோப்பண்ணைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதவேண்டுமாம், படித்த மனிதருக்கு இங்கிலிசில்தான் அழகாம்.

"எழுதும். அண்ணை, நீங்கள் விடாப்பிடியா நிண்டபடியாலை என்ரை பிள்ளை தப்பினது." கொஞ்சம் செருமினார். "என்ரை மனுசியும் மாசக்கணக்காச் சொன்னவ. நான் கேக்கேல்லை. அவ சொன்னதுதான் சரி."

நான் தலை நிமிர்ந்தேன்.

"இது அந்தாளுக்கு எழுதிறது," என்றார் அவசரமாக. "உமக்கில்லை. எழுதும்."

எழுதினேன். எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எழுதினேன்.

யாகோப்பின் பதில் காலையில் தமிழிலேயே வந்தது. தம்பி, நன்றி வேண்டாம்; இனியாவது வீட்டுக்காரி சொல்வதைக் கேளும். இவர் அதை இரண்டு தரம் வாசித்துத் தலையாட்டினார். அனுபவப்பட்ட மனுசன், சொன்னால் பொன் மாதிரி இருக்கும் என்றார்.

பிள்ளை இப்போது அடியெடுத்து வைக்கத் தொடங்கிவிட்டது. கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போடவேண்டும். அதை நான் அவரிடம் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. நாளைக்கு யாகோப்பண்ணை சொல்லுவார்.