முள்ளு சாரின் சிவப்புப் புள்ளி

ஏற்காட்டில் நடமாடும் எதையும் அளக்காமல் விட்டதில்லை எங்கள் முள்ளு சார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். ஆறடிக்கு மேல் உயரம், அதில் முக்கால்வாசி கால். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, மேஜை நாற்காலியை எல்லாம் விட்டுவிட்டு ஒரு கருவியை வாங்கி வந்தாராம். பாக்கெட் கடிகாரம் அளவு. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் எடுத்து வைக்கும் அடிக்கு ஒரு 'டிக்', முள் ஒரு மயிரிழை நகரும்.

இந்த ஒற்றைக் கருவியை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளைத் தேற்றியே தீருவது என்று கிளம்பிவிட்டார். ஆளுக்கு ஒரு நாள் முறை. சாயங்காலம் கரும்பலகையில் பெயர், இன்றைய முள், அடுத்த முறைக்கான இலக்கு. இலக்கை நாமே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால், "ஏஞ்சாமி, உன்ற ஆசை அவ்வளவுதானா?" என்று முகம் தொங்கிவிடும். பார்க்கச் சகிக்காமல் கூட்டிச் சொல்லித் தொலைப்போம்.

சண்முகம் என்ற சோம்பேறி மதில்மேல் உட்கார்ந்து கருவியை ஒரு மணி நேரம் கையாலேயே குலுக்கி, சேலத்துக்கே நடந்துபோன கணக்குக் காட்டினான். மறுநாள் அவனால் பேனா பிடிக்க முடியவில்லை. சார் கோபப்படவில்லை. பலகையில் 'சண்முகம், வலது கை, நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, இடது கைக்கும் ஓர் இலக்கு வைத்தார்.

தலைமையாசிரியரையும் விடவில்லை. "ஏனுங்க சார், ஒரு நாளைக்குக் கட்டித்தான் பாருங்களேன்" என்று அவர் இடுப்பிலேயே மாட்டிவிட்டார். சாயங்காலம் முள் போட்ட இடத்திலேயே இருந்தது. பலகையில் அவர் பெயருக்கு நேரே, 'இலக்கு: மணியடிக்கும் இடம் வரை, போக மட்டும்.' அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள். எனக்கு இழுப்பு. குளிரில் நாலடி ஓடினால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். ஓடவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு வருஷமாக டிரில் பீரியடில் எனக்கு ஒரே உத்தியோகம்தான்: முப்பத்தொன்பது ஜோடி செருப்புக்குக் காவல். அந்த உத்தியோகத்தை நான் எப்படி வெறுத்தேன் என்று செருப்புகளுக்குத் தெரியும்.

"ஓட வேண்டாம் கண்ணு, நட" என்று என் இடுப்பிலும் மாட்டினார். எனக்கு மட்டும் முறை கிடையாது, டிரில் பீரியடில் தினமும் கருவி என்னிடம்தான். முதல் நாள் கொடிக்கம்பம் வரை. அப்புறம் கிணறு வரை. அப்புறம் மைதானம் ஒரு சுற்று. அந்த வருஷம் ஏரியைச் சுற்றி ஓட்டப்போட்டி என்று அறிவித்தார்கள். சார் தானே கருவியைக் கட்டிக்கொண்டு ஏரியை ஒரு வட்டம் நடந்து, முள் நின்ற இடத்தில் நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தார்.

"மைதானத்துல இந்தப் புள்ளி வரைக்கும் வந்துட்டீன்னா, ஏரியை நீ சுத்தின மாதிரிதான் சாமி."

ஒரு மாதத்தில் புள்ளியைத் தொட்டேன். சார் என் பெயரையும் போட்டியில் சேர்த்துவிட்ட விஷயம் தெரிந்து அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார்.

"ஊட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்குனாலே இழுக்கற புள்ளைங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நொம்பக் கஷ்டமுங்க."

தலைமையாசிரியர் தீர்ப்புச் சொன்னார். ஓடட்டும். ஆனால் பாதி வழியில் நின்றால் பள்ளியை முடிக்கும் வரை டிரில் கிடையாது, செருப்புக் காவல்தான். "சரிங்க" என்று எனக்கும் சேர்த்து சாரே ஒப்புக்கொண்டார்.

போட்டியன்று பனிமூட்டம். எல்லோரும் ஓடி மறைந்தார்கள். நான் கருவியைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் ஓடினேன், நிறைய நடந்தேன். பூனை கத்த ஆரம்பித்த நேரத்தில் முள் சிவப்பைத் தொட்டது. பெருமையாக நிமிர்ந்தேன். பனி விலகியது. ஓட்டம் தொடங்கி, முடியவும் வேண்டிய பள்ளிக்கூடப் பந்தல் நேர் எதிர்க் கரையில் இருந்தது!

மனுஷர் தன் காலால் அளந்திருக்கிறார். அவருடைய ஓரடி எனக்கு இரண்டடி.

ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். திரும்பிவிடலாம் என்றால் வந்த தூரமும் போகிற தூரமும் ஒன்று. தோற்றுப்போவதற்குக்கூடக் குறுக்குவழி இல்லை. முப்பத்தொன்பது ஜோடி செருப்பை நினைத்தேன். எழுந்துவிட்டேன்.

பந்தலில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். பரிசெல்லாம் கொடுத்தாயிற்று. சிறப்பு விருந்தினர் சேலம் பஸ்ஸுக்குப் பறக்கிறார். தேசிய கீதம் பாட எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சார் மட்டும் எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறார்.

"போட்டி இன்னும் முடியலைங்க. ஒரு புள்ளை வந்துட்டு இருக்குதுங்க."

"எப்பய்யா வரும்?" என்றார் தலைமையாசிரியர்.

"வருமுங்க."

பஸ் போய்விட்டது.

ஒருவழியாக நான் வந்து கயிற்றில் விழுந்தேன். மூச்சு வந்ததும், "சார், முள்ளு பொய் சொல்லுதுங்க!" என்று கத்தினேன். அவர் முள்ளைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"அட, என்ற கால்ல அளந்துபோட்டனே! மன்னிச்சுக்க சாமி" என்று அத்தனை பேர் முன்னால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் பலகையை அழித்துவிட்டு, நாற்பது பேரின் காலடி நீளத்தையும் நூல் பிடித்து அளந்து, ஆளுக்கொரு கணக்காகப் புதிதாக எழுதினார். பஸ் விவகாரத்துக்காக அவருக்கு மெமோ வந்தது. செருப்புகள் அன்று முதல் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன.

அப்பா, தலைமையாசிரியர், சேலத்து டாக்டர் எல்லோருமே என்னைக் குறைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். கூட்டிப் போட்டுத் தப்புப் பண்ணிய ஒரே ஆள் முள்ளு சார். அந்தத் தப்புக்காகவே அவரை இன்றைக்கும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.