அ-வுக்கு ஒரே ஒரு பொட்டு

அன்று காலை பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் கட்டுப்பாடு இருக்கும். இல்லாவிட்டால் நான் இருக்க மாட்டேன். வாய் நிறைய நுரை. அதனால் என் மனைவி பேச்சியம்மாளுக்குச் சபதம் சரியாகக் கேட்கவில்லை.

"கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கொப்புளித்தேன். சபதத்தில் பாதி அதோடு போய்விட்டது.

விஷயம் இதுதான். என் மகள் அனுப்ரியாவுக்கு மூன்றரை வயது. எனக்கு ஐம்பத்து நாலு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கே கூச்சம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். தி. நகரில் எங்கள் பாத்திரக் கடைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனால், "பேத்தியா?" என்பார்கள் வாடிக்கையாளர்கள். நான் குக்கரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது எனக்கு... வேண்டாம். அவளுக்கு ஒரு வருஷம்கூட வீணாகக் கூடாது. அவ்வளவுதான்.

ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் கைநழுவிவிட்டது. மயிலாப்பூரில். டீச்சர் ஒரு பந்தைக் காட்டி, "இது என்ன கலர், கண்ணா?" என்று அனுவைக் கேட்டார். அவள் யோசித்தாள். ஒரு விநாடி. இரண்டு விநாடி. மூன்றாவது விநாடியில் "மஞ்சள்!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

"ஆரஞ்சுப்பா" என்றாள் அனு.

இடம் கிடைக்கவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசியதால் இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

மிச்சமிருந்தது கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். அவர்கள் கொடுத்த தாளில் இப்படிப் போட்டிருந்தது: "எழுத்து, எண் எதுவும் கேட்க மாட்டோம். குழந்தை தன் முறை வரும்வரை காத்திருக்கிறதா, கோபம் வந்தால் தானே அடங்குகிறதா என்று மட்டும் பார்ப்போம். பகலில் குழந்தையோடு இருப்பவர் ஒருவர் உடன் வந்தால் போதும். தேதியைப் போனில் சொல்வோம்."

நான் நம்பவில்லை. கேட்க மாட்டோம் என்பவர்கள்தான் கேட்பார்கள். என் கடைக்கு "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று வருபவர்கள்தானே நாலு குடத்தோடு வெளியே போகிறார்கள்? எனவே ஓர் அட்டவணை போட்டேன். ஆறு மணிக்கு எழுந்திருத்தல். ஆறு பத்துக்கு அ, ஆ. ஆறரைக்கு ஏ, பி, சி. ஏழு மணிக்குக் கை கட்டி உட்காருதல்.

பேச்சி அதைப் படித்தாள். "இது பிள்ளைக்கா, கைதிக்கா?"

"எந்த நாளும் கூப்பிடுவாங்க. நீ என்னத்தச் சொல்லிக் குடுக்கே?"

"விளையாடுதோம்."

"விளையாடுனா சீட்டு கிடைச்சிருமா?"

"விளையாட்டுலதாங்க பிள்ளைங்க அடங்கப் படிக்கும். 'ஸ்டேச்சு'ன்னு சொன்னா அசையாம நிக்கணும். 'ரிலீஸ்'னு சொன்னாத்தான் அசையணும். மனசு சொன்னபடி உடம்பு கேக்குதுல்லா?"

"நான்கூடத்தான் கடையில நாள் பூரா நிக்கேன்."

"நீங்க நிக்கீங்க. வாய் நிக்கலியே."

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே மர்மமாக நடந்தது. முதலில் தோசை தாமதமானது. ஒன்று அனுவுக்கு, அடுத்தது பேச்சிக்கு, அதற்கடுத்தது எனக்கு. இருபது வருஷமாக முதல் தோசை என்னுடையது. கேட்டால், "முறைன்னா என்னன்னு பிள்ளை படிக்கணும்லா?" என்றாள். சரி, பிள்ளை படிக்கட்டும். ஆனால் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காத்திருந்தது நான்.

அடுத்தது ஸ்டேச்சு. பேப்பரில் நடுப்பக்கத்தைக் காணோமே என்று நான் தொண்டையைத் திறந்தால், "ஸ்டேச்சு!" என்பாள் அனு. குழந்தையின் பயிற்சி கெடக் கூடாதே என்று திறந்த வாயோடு நிற்பேன். "ரிலீஸ்" என்று அவள் சொல்லும்போது எதற்காகக் கத்த வந்தேன் என்பது மறந்திருக்கும். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு இருவரும் சமையலறைக்குள் போய்க் கிசுகிசுப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் வந்தது.

சைதாப்பேட்டையில் எங்கள் வீடு மாடியில். கீழே சர்தார் சோபாவுக்கு உறை தைக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

"இன்னா அண்ணே, மூஞ்சி இப்டி கீது?"

"வீட்டுல ரெண்டு பேரும் ரகசியம் பேசுதாங்க, சர்தார்."

"ரெண்டு பேரா? ஒருத்திக்கு மூணு வயசுதான அண்ணே?"

"மூணரை."

"அப்ப டேஞ்சர்தான்." பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்தார். "நம்மூட்ல எம் பொஞ்சாதி கைசர் ஜஹான் சவுண்டு கம்மியா பேசுனான்னு வை, அன்னிக்கு எனக்கு ஆப்பு ரெடின்னு அர்த்தம். கிச்சன் கதவுக்குப் பின்னால பாத்தியா?"

"இல்லியே."

"போய்ப் பாரு. எங்கூட்ல எது காணாப்போனாலும் அங்கதான் கீது."

பேச்சி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினேன். பின்னால் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டியிருந்தது. மேலே பெரிதாக 'அ'. கீழே நாளுக்கு ஒரு கட்டம். பதினோரு கட்டங்கள். பத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. ஒன்றில் மட்டும் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

அ. அனு.

பக்கத்தில் இருந்த அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் பெருக்கல் குறி! அப்படியானால் நான் கடைக்குப் போனபின் குழந்தை என்னவெல்லாம் செய்கிறாள்? இதை மறைக்கத்தான் அந்தக் கிசுகிசுப்பா? வயதான தகப்பன் தாங்க மாட்டான் என்று நினைத்துவிட்டார்களா? இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? பேச்சி வீட்டில் எல்லாரும் கொஞ்சம் அவசரக்காரர்கள்தான். என்னையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"பேச்சி! இது என்ன?"

"தாளு."

"அது தெரியுது! பதினோரு நாள்ல ஒரே ஒரு பொட்டா? இவ போய் எப்படி ஸ்கூல்ல உக்காருவா? இவளை யாரு சேத்துக்கிடுவா? இந்த வருஷமும் போச்சு!"

அனு உள்ளே வந்தாள். என்னை நிதானமாகப் பார்த்தாள். "அப்பா கத்தக் கூடாது. மூணு மூச்சு விடணும்."

"நீ பேசாத. உனக்கு ஒரே ஒரு பொட்டுதான் இருக்கு."

"எனக்கு இல்ல. நான்தான் ஒட்டுனேன்." சின்ன விரலை அந்த எழுத்தின் மேல் வைத்தாள். "அ... அப்பா."

ஊரில் உள்ள எல்லாப் பாடப் புத்தகத்திலும் அ என்றால் அம்மாதான். என் வீட்டில் மட்டும் மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

நான் மூன்று மூச்சு விட்டேன். வேறு வழியில்லை. "அந்த ஒரு பொட்டு என்னைக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்கு உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுல்லா" என்றாள் பேச்சி.

அனு பென்சிலை எடுத்துப் பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். இரண்டு கோடும் நேராக வந்திருந்தன. பாராட்டும் நிலையில் நான் இல்லை.

கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பந்து கண் முன்னால் உருண்டது. யோசித்துக்கொண்டிருந்தது யார்? கத்தியது யார்? பொறுமையில்லாதவள் என்று இத்தனை மாதமாக ஒரு குழந்தையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவளுடைய ஒரு வருஷத்தைத் தின்னப் பார்த்தது என் வாய்தான்.

அன்று மாலையே சொன்னேன்: "கோபாலபுரத்துக்கு நானும் வாரேன். வாயைத் திறக்கவே மாட்டேன்."

"பாப்போம்" என்றாள் பேச்சி.

உழைத்தேன். கடையில் ஓர் அம்மாள் பதினாறு தட்டை எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, "முதல்ல காட்டினதையே காட்டுங்க" என்றபோது மூன்று மூச்சு விட்டேன். "உங்களுக்கு வீசிங்கா சார்?" என்று விசாரித்தார். அடுத்த எட்டு நாளில் ஆறு பொட்டு வாங்கினேன். தினமும், "போன் வந்துச்சா?" என்று கேட்பேன், ஒரு தடவை மட்டும். வெள்ளிக்கிழமை பேச்சியே சொன்னாள்: "திங்கக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வாங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாளே என்று உறுத்தியது. அடக்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு பொட்டு கிடைத்தது.

திங்கட்கிழமை. பள்ளித் தாழ்வாரத்தில் குட்டி நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. முன்னால் குழந்தைகள் வரிசை. பந்து இல்லை, கேள்வி இல்லை. காதில் பென்சில் செருகிய ஒருவர் அளவு நாடாவோடு நின்று, ஒவ்வொரு குழந்தைக்கும் தோள், இடுப்பு, முழங்கால் என்று அளந்து நோட்டில் எழுதினார். எனக்குப் புரிந்துவிட்டது. அளவு பார்க்கிறார்கள்! எதிலும் அளவோடு இருக்கிற குழந்தையா என்று பார்க்கிறார்கள். பார்க்காததுபோல் பார்க்கிறார்கள். எவ்வளவு நுட்பமான பரீட்சை!

முன்னால் நின்ற பையன் அழுதான். அனு அழவில்லை. தரையில் கற்களை எண்ணிக்கொண்டு நின்றாள். அப்போது அவள் செருப்பின் வார் கழன்றது. என் கை தானாக எழுந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கீழே உட்கார்ந்தாள். வாரைத் தப்பான ஓட்டையில் மாட்டினாள். உதட்டைக் கடித்தாள். மூச்சு விட்டாள். கழற்றினாள். மறுபடியும் மாட்டினாள். சரியாக விழுந்தது. எழுந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு மணி இருபது நிமிஷம். ஒரு சொல் பேசவில்லை. அனுவின் முறை வந்தது. "கையை விரிச்சிக்கோ, அசையாத" என்றார் நாடாக்காரர். அசையவில்லை. நானும் அசையவில்லை. அவர் எழுதி முடித்ததும் மூன்று மூச்சு விட்டேன். எழுந்து பணிவாகக் கேட்டேன்: "ஐயா, எங்க பொண்ணு தேறிட்டாளா?"

"தேறுறதா? யூனிஃபார்முக்கு அளவு எடுக்கறேன் சார்."

பேச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பரீட்சை போன வியாழக்கிழமையே முடிஞ்சுட்டுங்க" என்றாள். "நீங்க கடையில இருந்தீங்க. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தோம். அங்க வச்சே சீட்டுக் குடுத்துட்டாங்க."

"அப்போ நாலு நாளா என்னை எதுக்கு..."

"நல்லா வந்துக்கிட்டிருந்தீங்க. நடுவுல நிப்பாட்டுனா கெட்டுரும்லா?"

நாடாக்காரர் என் பக்கம் திரும்பினார். "வளர்ற புள்ள சார். ரெண்டு இஞ்சு விட்டுத் தைக்கவா?"

"என்கிட்ட கேளுங்கண்ணே" என்றாள் பேச்சி. "அவுரு இன்னும் ஸ்கூல்ல சேரல."