கரகர மெக்கானிக்கும் பூங்காவனத்தின் கிரைண்டரும்

"2005, ஐப்பசி, வியாழக்கிழமை. கரகர இன்று பதினோரு முறை விசில் ஊதினார். ஒரு சொட்டு மழை இல்லை. தெருவில் அவரோடு இன்னும் பேசுகிறவர்கள் இரண்டு பேர்."

இது என் நோட்டில் உள்ள குறிப்பு. தேதி எழுதியிருந்த மூலை உப்புக் காற்றில் நைந்து உதிர்ந்துவிட்டது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். இன்னொருவர் யாரென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கரகர தனக்குத்தானே பேசிக்கொண்டதையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ என்னவோ.

மின்னலோடு சண்டை போட்டுத் தன் தொழிலைத் தானே கெடுத்துக்கொண்ட டிவி மெக்கானிக் உலகத்திலேயே கரகர ஒருவர்தான். மழைக்காலம் மற்ற மெக்கானிக்குகளுக்கு அறுவடைக் காலம். ஒரு நல்ல இடி இடித்தால் நாலு டிவி, இரண்டு டெக், ஒரு ஃபிரிட்ஜ் கடைக்கு வரும். கரகர கடைக்கு ஒன்றும் வராது. வராதபடி பார்த்துக்கொள்வதே அவர் வேலை.

2004 கடைசி முதல் 2006 வரை மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீசில் நான் கிளார்க். உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில்தான் குடியிருந்தேன். முதல் வாரமே கரகரவைப் பார்த்தேன். சைக்கிள் ஹாண்டிலில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கியது. அதில் பாட்டில்லை, செய்தியில்லை. வெறும் இரைச்சல். அதைக் கச்சேரி கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஸ்டேஷன் கிடைக்கலையா?" என்றேன்.

"ஸ்டேஷன் இல்லாத எடமா பாத்துத்தான் சார் வெச்சிருக்கேன். தூரத்துல மின்னல் வெட்டுனா இதுல கரகரன்னு கேக்கும். வானம் பளிச்சுனு இருக்கும். இது சொல்லிடும்."

இதுதான் பெயர்க் காரணம். உண்மைப் பெயரை அவரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ரேடியோ கரகரத்தது, அவர் போய்விட்டார்.

கரகரப்பு நெருங்கி வந்தால் சட்டைப் பையிலிருந்து பஸ் கண்டக்டர் விசில் ஒன்று வெளியே வரும். தெருவை மூன்று முறை சைக்கிளில் சுற்றுவார். "பிளக்க புடுங்குங்க. சுச்ச அணைச்சா பத்தாது, பிளக்க புடுங்குங்க. கேபிள் ஒயரையும் புடுங்குங்க. வாசல பூட்டிட்டு ஜன்னல தொறந்து வெக்காதீங்க." எதிர்வீட்டு ரேஷன் கடை எடைக்காரர் ஒரு நாள் கேட்டார்: "ஏம்பா, என் பொண்டாட்டிகூட இவ்ளோ தடவ சொல்ல மாட்டா. உனக்கு என்ன வந்துது?"

என்ன வந்தது என்பது பூங்காவனத்துக்குத் தெரியும்.

பூங்காவனம் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலைக்குப் போகிறவர். மழை பிடித்துக்கொண்டால் உப்பளம் மூடிவிடும். தை மாதம் வரை கூலி கிடையாது. அந்த மூன்று மாதமும் கிரைண்டரில் மாவரைத்துத் தெருவுக்கு விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். கிரைண்டர் நின்றால் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போகவேண்டியதுதான்.

2004 என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சுனாமி வந்த டிசம்பரைப் பற்றிப் பேசுவார்கள். நான் சொல்வது அதற்கு இரண்டு மாதம் முன்பு, நான் அந்த ஊருக்கு வருவதற்கும் முன்பு. எர்த்து ஒயரைக் கைபம்புக் குழாயில் கட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். பூங்காவனத்தின் கிரைண்டருக்கும் கரகர அப்படித்தான் கட்டியிருந்தார். "யக்கா, இடியே விழுந்தாலும் நீ பாட்டுக்கு ஆட்டிக்கினே இரு" என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஐப்பசியில் மின்னல் கரண்ட் லைனில் இறங்கியது. மோட்டார் கருகியது. கைபம்பைத் தோண்டிப் பார்த்தால் தரைக்குக் கீழே குழாயே இல்லை. உப்பு தின்றுவிட்டிருந்தது. பம்பு வெறும் மண்ணில் நின்றுகொண்டிருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் பூங்காவனம் சூளையில் இருந்தார். திரும்பி வந்து அடுத்த உப்பு சீசன் கூலியில் வேறு கிரைண்டர் வாங்கினார். கரகரவோ தெருமுனையில் ஆளுயரக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, தகடு புதைத்துப் புது எர்த்து போட்டார். "உப்புத் தரையிலயே உப்பு போடுறான்டா" என்று தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எர்த்து ஆளத்தான் சார் காப்பாத்தும். மோட்டார காப்பாத்துறது புடுங்கி வெச்ச பிளக்குதான். அத நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார் பின்னொரு நாள் என்னிடம்.

ரேடியோவும் விசிலும் வந்தது அந்தக் கிரைண்டர் கருகிய பிறகுதான்.

விசில் பதினோரு முறை ஊதி மழை ஏமாற்றியது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, மதியம் மூன்று மணி இருக்கும். எடைக்காரர் வீட்டில் கிரிக்கெட் மேட்ச், கடைசி இரண்டு ஓவர். பாதித் தெரு அங்கே இருந்தது. நானும் இருந்தேன். விசில் கேட்டது. யாரும் அசையவில்லை. கரகர உள்ளே வந்தார், பிளக்கைப் பிடுங்கினார், கேபிள் ஒயரையும் பிடுங்கினார்.

"டேய், மூணு பால் தான்டா இருக்குது" என்று எடைக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"அடிக்கிறதுன்னா அப்பறமா அடிங்க. எல்லாரும் வூட்டுக்குப் போயி புடுங்குங்க. பத்து நிமிஷத்துல இங்க வந்துடும்."

"வானத்த பாருடா. எங்கடா மேகம்?"

கரகர டிரான்சிஸ்டரைத் தூக்கி அவர் காதில் வைத்தார். வாணலியில் கடுகு வெடிப்பது போல விடாமல் வெடித்தது. எடைக்காரரின் கை தளர்ந்தது. மேற்கே, வானூர் பக்கம், வானம் கத்தரிக்காய் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

எல்லா வீட்டிலும் பிடுங்கியாயிற்று. பூங்காவனம் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு, உப்புக் குவியல்களுக்கு ஓலை வேய அளத்துக்குப் போயிருந்தார். சாவி அவர் இடுப்பில். மீட்டர் பெட்டியும் வீட்டுக்குள்ளே.

தலைக்கு மேல் இடி வந்தபின் பிளக்கைத் தொடக்கூடாது என்பதும் கரகரவின் சட்டம்தான். அதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் அவர் யோசித்து நிற்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சீட்டின் மேல் ஏறி, கூரை ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். "திருடங்க எல்லாம் ராத்திரியிலதான் பிரிப்பானுங்க" என்றார் எடைக்காரர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டே. கரகர உள்ளே குதித்தார். ஏதோ அண்டாவில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் பக்கம் வெள்ளையாக ஒரு வெளிச்சம். சத்தத்தில் என் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அதன் பிறகு மழை.

பூங்காவனம் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "எவன்டா என் வூட்டு ஓட்டப் பிரிச்சது?" என்று பூட்டைத் திறந்தார். நாங்கள் பின்னால் எட்டிப் பார்த்தோம். கூரை ஓட்டையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரகர தன் சட்டையைக் கழற்றிக் கிரைண்டர்மேல் போர்த்தி, அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஒரு கால் உளுந்து அண்டாவுக்குள். பிடுங்கிய பிளக்கைக் கையில் உயர்த்திக் காட்டினார்.

பூங்காவனம் அவரையும் கூரையையும் அண்டாவையும் பார்த்தார். "மொதல்ல கால எட்றா" என்றார்.

பக்கத்துத் தெருவில் அன்று எத்தனையோ டிவி போயிற்று. எங்கள் தெருவில் ஒரு பல்புகூடப் போகவில்லை. இருட்டுவதற்கு முன் கரண்ட் வந்தபோது தெருவே பூங்காவனம் வீட்டு வாசலில் நின்றது. கரகர கிரைண்டரைத் துடைத்து, ஆற வைத்து, மூன்று முறை சோதித்துவிட்டுப் பிளக்கைச் செருகினார். சுவிட்சைப் பூங்காவனமே போட்டார். கல் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சுற்றியது. எடைக்காரர்தான் முதலில் கை தட்டினார். மேட்சின் கடைசி மூன்று பந்தில் என்ன ஆயிற்று என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கரகர கடை வாசலில் பூங்காவனம் ஒரு தட்டோடு நின்றார். "உளுந்த நாலு தண்ணி கழுவித்தான் ஆட்டுனேன். ஆனாலும் கால வெச்சது நீ. மொத இட்லி நீயே துன்னு."

கரகர தின்றார். ஆறு இட்லி. அந்த மழைக்காலம் பூங்காவனம் சூளைக்குப் போகவில்லை. விசில் கேட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்கியவர் எடைக்காரர்.

ஒன்று மட்டும் பாக்கி. முதல் கிரைண்டர் கருகிய அன்று கரகர அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார் என்று பூங்காவனம் சொல்கிறார். மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்த புகை கண்ணில் பட்டது என்று கரகர சொல்கிறார். பார்த்த மூன்றாவது ஆள் இல்லை. இரண்டையும் எழுதி, ஓரத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். சரிபார்க்க எனக்கு மனமும் வரவில்லை.