ஊதாப்பூ ஜட்டி

கோயிலில் பிக்கு, டோகுஜி நீட்டிய துணிமூட்டையை அவிழ்த்துத் தட்டில் பரப்பினார். உள்ளே இருந்தது ஊதாப்பூ போட்ட ஜட்டி.

டோகுஜிக்கு வியர்த்துவிட்டது. அது அவர் மனைவி ஃபுமியுடையது. காலையில் அவள்தான் மூட்டையைக் கட்டிக் கையில் கொடுத்தாள். முட்டையைக்கூட ஆட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர், அன்றைக்கென்று பிரித்துப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

நாரா நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கோயிலுக்குக் கிழடுகள் போவது ஒரே காரியத்துக்குத்தான். ஜட்டியைப் புத்தர் முன்னால் வைத்து மந்திரம் ஓதி வாங்கிப் போட்டுக்கொண்டால், படுக்கையில் கிடந்து அடுத்தவர் கையால் துணி மாற்றிக்கொள்ளும் கதி வராதாம். வேளை வந்ததும் பொசுக்கென்று போய்விடலாமாம். டோகுஜிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கூட்டாளிகள் மோரியோவும் எய்சாக்குவும் வற்புறுத்தினார்கள். வாசல் கடையில் இலையில் மடித்த மீன்சோறு கிடைக்கும் என்று கிளம்பி வந்தார்.

"யாருதுய்யா இது?" என்றார் பக்கத்தில் மண்டியிட்டிருந்த மோரியோ.

சபையில் மானம் போகக்கூடாதே. "என்னுதுதான். போட்டா மெத்துனு இருக்கும்."

மோரியோ கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிக்கு சிரிக்காமல் மணியடித்து, நீட்டி முழக்கி ஓதி முடித்தார்.

வெளியே வந்ததும் எய்சாக்கு பிடித்துக்கொண்டார். அவர் அடுத்த வீட்டுக்காரர். அந்தப் பூவைத் துணி காயும் கொடியில் பார்த்திருக்கிறார்.

"உன் பேரச் சொல்லி ஓதினா மட்டும் ஆச்சா? துணி யாருதோ அவங்களுக்குத்தான்யா பலிக்கும்."

"பலிச்சா?"

"பலிச்சா பொசுக்குனு..." என்றவர், டோகுஜியின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

நம்பிக்கை இல்லாத மனிதர் படியேறி உள்ளே ஓடினார். மந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிக்குவிடம் நின்றார். நாற்பது வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை, ஓதினது ஓதினதுதான் என்றார் பிக்கு. ரேடியோ கடைக்காரன்கூட ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறான், நீங்கள் அவனைவிட மோசமா என்று இவர் கத்தினார்.

அதற்கும் பிக்கு அசையவில்லை. டோகுஜி நேராகக் கழிப்பறைக்குப் போனார். போட்டிருந்ததைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஏறினதையெல்லாம் இதில் இறக்கிவிடுங்கள் என்றார். பிக்கு மூக்கைச் சுளித்தபடி இரண்டு விரலால் அதைத் தட்டில் எடுத்து வைத்து, மறுபடி ஓதினார்.

"இப்ப ரெண்டு பேருக்கும் ஆச்சு. தம்பதியா ஒண்ணாவே போய்ச் சேந்துடலாம்" என்று வாழ்த்தினார்.

கால்சட்டைக்குள் மலைக்காற்று புகுந்தது. டோகுஜி படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டார். எட்டாவதாக எய்சாக்குவின் மனைவி கினுவைக் கூப்பிட்டு, கதவை உடைத்தாவது உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்.

கினு சொன்னதைச் செய்கிறவள். கைபேசியைக் காதில் வைத்தபடியே போனாள். மரம் முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. பிறகு ஃபுமியின் அலறல்.

விஷயம் இதுதான். புருஷன் இல்லாத நாளாயிற்றே என்று அவள் பட்டப்பகலில் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு கிடந்திருக்கிறாள். கினு குளியலறைக் கதவோடு சேர்ந்து அவள்மேல் விழுந்திருக்கிறாள்.

போன் கை மாறியது. ஐம்பது வருஷத்தில் ஒருநாளும் தப்பை ஒத்துக்கொள்ளாத டோகுஜி, மூட்டை மாறியதிலிருந்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஜட்டியை ஆற்றில் எறிந்துவிடுகிறேன் என்றார்.

"நீ இருக்கணும்டி" என்றார் கடைசியில்.

கூட்டாளிகள் இருவரும் மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

"எறிஞ்சுடாதீங்க. மூட்டை ஒண்ணும் மாறல, நான்தான் என்னுத வெச்சுக் கட்டினேன்" என்றாள் ஃபுமி. "நீங்க படுத்தா துணி மாத்திவிட நான் இருக்கேன். நான் படுத்தா யாரு இருக்கா, நீங்களா?"