பூட்டுப் பெட்டிக்குள் மீன்

"மாமா, மீன் பத்திரமா இருக்கா?"

"இருக்கு மாப்பிள்ளை. எங்க போயிடப் போகுது?" என்றார் மாமனார். சொல்லிக்கொண்டே கயிற்று முடிச்சைக் கட்டைவிரலால் நெம்பினார். பார்சல் ஆபீசில் ஆயுசெல்லாம் மூட்டை கட்டிய விரல்கள் அவை. முடிச்சு நழுவியது. படகோரம் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த மீன் வாலை ஒரு வீசு வீசிவிட்டு ஏரிக்குள் மறைந்தது.

'கடவுளே, மாப்பிள்ளைக்குப் பண்ற துரோகத்தை மன்னிச்சுடு. ஒரு உயிரை விட்டதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ' என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

அது இரண்டு பேர் உட்காரும் ஒல்லியான கயாக் படகு. முன்னால் தூண்டிலோடு மாப்பிள்ளை, பின்னால் துடுப்போடு மாமனார். முன்னால் இருப்பவர் உடம்பைத் திருப்பினால் இரண்டு பேரும் குளிக்க வேண்டியதுதான். அதனால் பிடித்த மீனைக் காப்பது எப்போதும் மாமனார் பொறுப்பு. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஏரியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கைநீட்டிப் பிடித்துப் பார்த்து, துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

துரோகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக் கூடத்தில், சோபாவுக்குப் பின்னால்தான் படகு கிடந்தது. அதில் முழங்காலை இடித்துக்கொண்ட அன்று மகள் பொங்கிவிட்டாள்.

"ஒரு மீனுக்கு வக்கில்லை, இதுக்குக் கூடம் பூரா இடம்!"

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரே ஒரு மீன் இந்த வீட்டுக்குள்ள வரட்டும், மறுநாளே படகை வித்துடறேன்! கையாலாகாதவன்னு பேர் வாங்கிட்டு மட்டும் விக்க மாட்டேன்."

அன்றிலிருந்து மாமனாருக்குத் தூக்கம் போயிற்று. மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர் அவர். வீட்டில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. ஏரியில் எழுந்து போக இடமில்லையே, பேசித்தானே ஆகவேண்டும்? மனைவியைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். "உங்க மீசையைப் பார்த்துட்டுக் கல்யாணமே வேண்டாம்னு ஓடப் பார்த்தேன் மாமா" என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதும் அங்கேதான். படகு போனால் மறுபடி நாலு சுவரும் டிவியும்தான்.

"கயிறு அவுந்துடுச்சாம்!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஜிப் வைத்த வலைப்பை ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள்.

ஜிப் திறந்தால் சத்தம் கேட்கும். சத்தத்தை மறைக்க மாமனார் இருமினார். ஜிப் பாதியில் சிக்கியது, பலமாக இருமினார். மீன் வெளியேறுவதற்குள் அவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது.

"அப்பாவுக்கு ஏரிக் காத்து ஒத்துக்கலை. இனிமே நீங்க மட்டும் போங்க" என்றாள் மகள்.

 மாப்பிள்ளை குறுக்கே விழுந்தார். "சேச்சே, நல்லா வெயில்ல உட்கார்ந்தா இருமல் பறந்துடும். மாமா இல்லாம யாரு துடுப்புப் போடுறது?"

"அப்ப இதை எடுத்துட்டுப் போங்க" என்று மகள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றி மீனை உயிரோடு கொண்டுவரலாம். மூடியில் காற்றுக்கு ஓட்டை, பக்கத்தில் பூட்டு. சாவியைப் புருஷன் சட்டைப்பையில் தன் கையாலேயே போட்டாள்.

அன்றைக்கென்று பார்த்துக் கை நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியது. மாப்பிள்ளை அதைத் தன் காலடியில் இருந்த பெட்டியில் போட்டுப் பூட்டினார். கரை சேர்ந்ததும் மாமனார் பூட்டைத் தடவிப் பார்த்தார். மூட்டையாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பார். 

மாப்பிள்ளை, "மாமா, நீங்க போய்க் கார்ல உட்காருங்க, நான் பெட்டியில தண்ணி மாத்திக் கொண்டு வரேன்" என்றார். மாமனார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அடுப்பில் வாணலி காய்ந்தது. பெட்டிக்குள் தண்ணீர் தளும்பியது. சாவியைத்தான் காணோம். மாப்பிள்ளை இருக்கிற பையையெல்லாம் துழாவிவிட்டு அசடு வழிந்தார்.

"ஸ்க்ரூடிரைவரால நெம்பிடுறேன்" என்றாள் மகள்.

மாமனார் சட்டென்று பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "வேண்டாம்மா! புதுப் பெட்டி, பாழாயிடும்."

"ஆமாமா, நல்ல பெட்டி" என்று மாப்பிள்ளையும் வேகமாகச் சேர்ந்துகொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் மீனைத் திங்கவா பிடிச்சீங்க, பூட்டி வெச்சுக் கும்பிடவா? எழுந்திருங்கப்பா!"

மாமனார் எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. "நாளைக்குத் திறக்கலாமே" என்றார் குழந்தை மாதிரி. மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஏரிக்கரைக் காவலாளி. அடுத்த தெருக்காரர்தான், வேலை முடிந்து போகிற வழியில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். கையில் சாவி.

"என்ன சார், 'பாவம், இந்தப் பூட்டை எங்க மாமாவால திறக்க முடியாது, இன்னிக்கு நானே விட்டுடறேன்'னு சொல்லி மீனை ஏரியில விட்டீங்க, சாவியைக் கரையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களே!"