மாமாவின் சாமான் வந்த நாள்

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், என் அம்மா, தாலுகா ஆபீஸிலிருந்து வந்த வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தூத்துக்குடி லாரி டிரைவர், ஃப்ளெக்ஸ் கடை சிக்கந்தர் பாய், அழுவதற்காக வந்திருந்த தெருப் பெண்கள், பாதியில் வந்து சேர்ந்த என் அத்தை. பெட்டிக்குள் இருந்தவரை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

நான் பயந்த சுபாவம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கடலாடிப் பக்கம் ஒரு மிளகாய்க் கமிஷன் கடையில் எடை போடுகிறேன். போன் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பேன். அடிக்காவிட்டால், சொல்வதற்குக்கூட ஆள் மிச்சமில்லை என்று நினைப்பேன்.

மாமா என் அம்மாவின் தம்பி; அவர் குடும்பமும் எங்கள் வீட்டில்தான். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் நம் தூதரகத்தில் டிரைவர். அங்கே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். நினைவில்லாமல் கிடந்தவரை அரசாங்கமே விமானத்தில் ஏற்றி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அத்தையும் அவர்கள் மகன் முருகேசனும் அங்கேயே கிடந்தார்கள்.

ஒருநாள் காலையில் தாலுகா ஆபீஸிலிருந்து எனக்குப் போன்.

"ஒங்க மாமாவோட சாமான் எல்லாத்தையும் தூதரகத்துல முத்திரை வச்சு அனுப்பியிருக்காங்க. நாளைக்கு மத்தியானம் லாரி வருது. ஆர்ஐ வந்து முத்திரைய ஒடச்சு, ஒண்ணொண்ணா வாசிச்சு ஒப்படைப்பாரு. ரெண்டு சாட்சி வேணும். அவரு சம்சாரத்துக்கும் சொல்லியாச்சு, கெளம்பி வாராங்க."

போனை வைத்துவிட்டார்கள். நான் யோசிக்க ஆரம்பித்தேன். (அதுதான் தப்பு.) எங்கள் ஊரில் துபாய்க்கும் சவுதிக்கும் போனவர்கள் அதிகம். உயிரோடு திரும்புகிறவன் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வருவான். சாமான் தனியாக, அதிகாரி, முத்திரை, சாட்சியோடு வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன். அத்தைக்குப் போன் போட்டேன், அணைத்திருந்தது. முருகேசனுக்குப் போட்டேன், அதுவும் அணைத்திருந்தது. சொல்ல மனமில்லாமல் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்தேன்.

அம்மாவிடம் போய், "மாமா போயிட்டாரும்மா" என்றேன். யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை. அப்படிப்பட்ட செய்தியை யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள் இல்லையா?

சாயந்தரமே சிக்கந்தர் பாய் கடையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். மாமா படம் வாட்ஸப்பில் வந்தது, பெரிசாக்கினால் கலங்கியது. அதனால் பாய் அவரைச் சின்னதாக ஒரு மூலையில் போட்டு, கும்பிட்டுக்கொண்டு நிற்கிற என் படத்தைப் பெரிசாகப் போட்டார். மறைந்த தேதி கேட்டார். அன்றைய தேதியையே சொன்னேன். விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் கட்டியாகிவிட்டது.

மத்தியானம் லாரி வந்தது. இரண்டு டிரங்குப் பெட்டியோடு ஒரு மரப்பெட்டி இறங்கியது. ஆள் நீளம், ஆள் அகலம், நான்கு மூலையிலும் அரக்கு முத்திரை. அதைப் பார்த்ததும் பெண்கள் குரல் எடுத்தார்கள். அம்மா அதன்மேல் விழுந்து, "ஏ தம்பி" என்று அழுதாள். நான் ஒரு ரோஜா மாலையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தேன்.

உள்ளேயிருந்து, டொக் என்று ஒரு சத்தம்.

அழுகை அப்படியே நின்றது. அம்மா மெதுவாக எழுந்து நாலடி பின்னால் போனாள். கருவேலங்காட்டுப் பக்கமிருந்து அனல்காற்று வந்துகொண்டிருந்தது. தெருநாய் ஒன்று பெட்டியை மோந்துவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு போனது. மறுபடியும் டொக், டொக்.

"உள்ள இருந்து தட்டுறாக," என்றாள் ஒருத்தி.

"ஈரத்துல வந்த பலகைக்கா," என்றார் லாரி டிரைவர். "நம்ம வெயில் பட்டா வெடிக்கும்." சொல்லிவிட்டு அவரும் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தார். ராத்திரி ரயிலில் வந்து, பஸ் மாறி இறங்கியவர். காலில் செருப்பு இல்லை. அழவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"எப்பப் போனாக?"

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"நேத்துச் சாயந்தரம் நான் கெளம்பையில மூச்சு நல்லா இருந்துச்சு. பஸ் ஸ்டாப்புல போர்டு கட்டியிருக்கு. சொல்லுலே, எப்பப் போனாக?"

"அத்தை, நீங்கதான சொல்லணும்?"

"ஒனக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல அத்தை. நானா யோசிச்சேன்."

அப்போதே என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தை அடிக்கவில்லை. போனை எடுத்து மகனுக்குப் போட்டார். அணைத்திருந்தது. அவர் முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். "நான் கெளம்புன பெறகு போயிட்டாகளோ?" என்று தனக்குத்தானே கேட்டார். ஒரு பெண் வந்து அவர் தலையில் இருந்த பூவில் கை வைத்தாள். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

நான் பொய்யாக அடித்த ஃப்ளெக்ஸ், அதில் இருந்த தேதிக்காகவே உண்மையாகிவிட்டதா? சென்னையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை இங்கிருந்து நானே அனுப்பிவிட்டேனா?

"சார், நீங்களாவது சொல்லுங்க," என்று ஆர்ஐயிடம் கெஞ்சினேன். "மாமா இருக்காரா, இல்லையா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "வெளிநாட்டுல வேலை பாக்குற அரசு ஊழியர் செத்தாலும், நினைவில்லாமப் படுத்தாலும் சாமானுக்கு ஒரே நடைமுறைதான்ப்பா. ஒரே ஃபாரம். மேல 'இறந்தவர்', 'செயலிழந்தவர்'னு இருக்கும். ஒண்ண அடிச்சு விடணும்."

"எத அடிச்சிருக்கு?"

உற்றுப் பார்த்தார். "ரெண்டையும் அடிக்காம விட்டிருக்காங்க."

அத்தை நிமிர்ந்தார். "பெட்டியத் தொறங்க."

ஆர்ஐ முத்திரையை உடைத்தார். நெம்புகோல் போட ஆள் இல்லாததால் பாயும் நானும் போட்டோம். பலகை எழும்பியது. உள்ளே மரத்தூள். அதற்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பாதம். ஐந்து விரல், நகத்தோடு.

அதற்கப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஏனென்றால் நான் லாரிக்கு அடியில் இருந்தேன். (எப்படிப் போனேன் என்று டிரைவருக்கும் தெரியவில்லை.) ஆர்ஐயின் குரல் மட்டும் கேட்டது: "மரத்தாலான ஆள் உருவம், ஒன்று."

நான் எட்டிப் பார்த்தேன். மாமா எப்போதோ அங்கே சந்தையில் வாங்கிய சிலையாம். கருங்காலி மாதிரி ஒரு மரம். அத்தை மட்டும் குனிந்து அதன் முகத்தில் இருந்த தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"வாயப் பாருங்க," என்றார் மெல்ல. "ஆஸ்பத்திரில அவுகளுக்கும் இதே எடப்பக்கம்தான் கோணியிருக்கு."

சிலை செய்து வருஷக்கணக்கு ஆகிறது. மாமா விழுந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

அப்போது அத்தையின் போன் அடித்தது. முருகேசன். தீவிர சிகிச்சை அறைக்குள்ளே போன் கொண்டுபோக விடவில்லையாம்; முந்தின நாள் அத்தைக்கும் அதே கதைதான். "அம்மா, அய்யா கண்ணு முழிச்சுட்டாரும்மா! பேசுறாரு!"

அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "என்னய்யா பேசுனாக?"

"சாமான் வந்துருச்சான்னு கேக்குறாரு."

பெண்கள் மறுபடியும் ஓவென்று அழுதார்கள். இந்தத் தடவை எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

மாமா ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஃப்ளெக்ஸைக் கொண்டுவரச் சொன்னார். நார்க்கட்டிலில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திக்கித் திக்கிக் கேட்டார்: "ஏலே, செத்தது நானு. ஓம் படம் எதுக்குலே பெருசா இருக்கு?" எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல் விடுவதில்லை. இப்போது அந்த ஃப்ளெக்ஸில்தான் மிளகாய் காய்கிறது. தன் முகத்தின்மேல் காயும் மிளகாய்க்கு மாமாவே காக்கா விரட்டுகிறார். அவர் வாய் நேராகிவிட்டது. சிலையின் வாயும் நேராகிவிட்டதாக அம்மா சொல்கிறாள். அது நிற்கிற அறைக்கு நான் போவதில்லை.

சிக்கந்தர் பாய் ஃப்ளெக்ஸ் காசு கேட்டு வந்தார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். அத்தை கையைப் பிடித்துவிட்டார்.

"குடுக்காத. அவுக சாவுக் கணக்க முடிச்சு வச்சிறாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பாய் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரிதாங்கம்மா. இன்ஷா அல்லா, இன்னும் ரொம்ப வருஷம் பாக்கியாவே இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல அது பத்திரமா இருக்கு. தேதி மட்டும் மாத்துனாப் போதும்."

அத்தை வருஷா வருஷம் அவருக்கு ஒரு பை மிளகாய் கொடுத்தனுப்புகிறார், கணக்கில் கழிக்கக் கூடாது என்று சொல்லி. அவரும் கழிக்கவில்லை. ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் இன்னும் பாக்கி.